ஹெட் இறக்கி மாட்டின பிறகு இன்ஜின் மிஸ் அடிக்குது, இன்ஜெக்டர் மாத்தணுமா?

கேள்வி: வணக்கம். என்னோடது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். போன மாசம் ஓவர் ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் மேல் மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற தகடு) போயிருச்சு. ஹெட்ட இறக்கி ஃபேஸிங் போட்டு (அடிப்பக்கத்த மட்டமா அரைச்சு), வால்வ் கிரைண்டிங் பண்ணி, கூடவே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் மாத்தி குடுத்தாங்க. வண்டிய எடுத்த நாள்ல இருந்தே ஐடில்ல (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம ஓடும்போது) நடுங்குது, மேடு ஏறினா இழுக்கவே மாட்டேங்குது, செக் இன்ஜின் லைட்டும் எரியுது. கேட்டா "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிரும்"னு சொன்னாங்க. ஓட்டியாச்சு, ஒண்ணும் ஆகல. இப்ப நாலு இன்ஜெக்டரும் (பெட்ரோல் தெளிக்கற பார்ட்) போச்சு, ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) மேலயும் சந்தேகம்ங்கறாங்க. வாங்கி குடுத்துரட்டுமா?

பதில்: வாங்காதீங்க. சோதிச்சு பாக்கற வரைக்கும் எந்த பார்ட்டும் வாங்க வேணாம். ஹெட் இறக்கறதுக்கு முன்னாடி உங்க வண்டியில ஹீட் பிரச்சனை மட்டும்தான் இருந்துச்சு, நடுக்கம் இல்ல. மாட்டின அன்னிக்கே நடுக்கம் வந்துச்சுன்னா, அன்னிக்கு கை பட்ட இடத்துலதான் கோளாறு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். நாலு இன்ஜெக்டரும் ஒரே நாள்ல சேர்ந்து சாகறது நடக்காததுனு சொல்ல மாட்டேன், ஆனா அது கடைசியா பாக்க வேண்டிய சந்தேகம்.

அந்த "செட் ஆயிரும்" பேச்ச மொதல்ல விடுங்க. புது ரிங், பிஸ்டன் போட்ட இன்ஜினுக்குத்தான் ரன்னிங்-இன் (ஓட்டி பழக்கறது) எல்லாம், அதுலயும் மிஸ் அடிக்கறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது, ஓட்டி ஓட்டி சரியாகாது. பேட்டரிய கழட்டி மாட்டினா ஈசியு பழைய ஐடில் கணக்க மறந்துட்டு கொஞ்ச தூரம் ஓட்டின பிறகு திரும்ப கத்துக்கும், அது வாஸ்தவம். அதுக்கு ஆயிரம் கிலோமீட்டர் எல்லாம் வேணாம்.

இன்னொண்ணு, அந்த செக் இன்ஜின் லைட் நின்னு எரியுதா, விட்டு விட்டு மின்னுதானு பாருங்க. மின்னினா ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளயே எரிஞ்சு அத உருக்கிரும், அப்புறம் அதுக்கு தனியா பெரிய செலவு.

இப்ப ஸ்கேனர் போட சொல்லுங்க, கோட் நம்பர எழுதி வாங்குங்க, அழிக்க விடாதீங்க. பி0301-ல இருந்து பி0304 வரைக்கும் எது வந்தாலும் எந்த சிலிண்டர்ல மிஸ்ஸுனு கடைசி நம்பரே சொல்லிரும். அந்த சிலிண்டர் இக்னிஷன் காயில (பிளக்குக்கு கரண்ட் குடுக்கறது) கழட்டி பக்கத்து சிலிண்டர்ல மாத்தி மாட்டி ஓட்டினா, மிஸ்ஸும் கூடவே இடம் மாறுச்சுன்னா காயில் போச்சுனு அர்த்தம், மாறலன்னா காயில் மேல பழி இல்ல. பைசா செலவில்லாத சோதனை இது. உங்க வண்டியில பிளக் ஒயர் இருக்கற மாதிரின்னா ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டருங்க எரியற வரிசை) படி மாட்டியிருக்கானு பாருங்க, பெரும்பாலான நாலு சிலிண்டருக்கு 1-3-4-2, ரெண்டு ஒயர் இடம் மாறினாலே இப்படித்தான் உதறும்.

பி0171 வந்தா காத்து அதிகம், பெட்ரோல் கம்மினு அர்த்தம், ஹெட் வேலைக்கு அப்புறம் நான் மொதல்ல சந்தேகப்படறது இததான். இன்டேக் மேனிஃபோல்ட (காத்து உள்ள போற குழாய் தொகுதி) கழட்டித்தான் பெரும்பாலும் ஹெட் இறக்குவாங்க, திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையே போட்டிருப்பாங்க, இல்ல ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் மாட்டாம தொங்கிட்டு இருக்கும், இன்ஜெக்டர் ஓ-ரிங் மடிஞ்சிருக்கும். ஸ்கேனர்ல ஃபியூல் ட்ரிம்னு, ஈசியு பெட்ரோல எவ்வளவு கூட்டி குறைக்குதுங்கற அளவு தெரியும், பத்து சதவீதத்துக்குள்ள மேல கீழ இருந்தா பெரும்பாலும் கவலை இல்ல. ஐடில்ல இருபதுக்கு மேல போய், 2500 ஆர்பிஎம்-ல இயல்புக்கு இறங்குச்சுன்னா ஏர் லீக்தான் தேடணும், ஸ்மோக் டெஸ்ட் பண்ணினா புகை வர்ற இடமே காட்டிக்குடுத்துரும். சென்சார் கப்ளர் (ஒயர் இணைப்பு) எல்லாம் முழுசா உக்காந்திருக்கா, எர்த் ஒயர் திரும்ப மாட்டினாங்களானும் பாத்துருங்க, எர்த் ஒயர மறந்துட்டு ஈசியு போச்சுனு முடிவு கட்டறதும் நடக்குது.

இதெல்லாம் சரியா இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லயும் எவ்வளவு அழுத்தம் வருதுனு அளக்கறது. பெட்ரோல் இன்ஜினுக்கு பொதுவா 120-ல இருந்து 180 பிஎஸ்ஐ வரைக்கும் இருக்கும், உங்க வண்டிக்கு எவ்வளவுனு மேனுவல்ல இருக்கறதுதான் கணக்கு. அதவிட முக்கியம் சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசம். பதினஞ்சு சதவீதத்துக்கு மேல போனா ஏதோ இருக்கு. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து கம்மியா காட்டினா புது கேஸ்கெட் நடுவுல பிடிக்கல. ஒண்ணுல மட்டும் கம்மின்னா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாக்கணும், ஏறினா ரிங், ஏறலன்னா பெரும்பாலும் வால்வ். உங்க வண்டியில வால்வ் கிரைண்டிங் பண்ணியிருக்காங்க இல்லையா, அரைக்கும்போது வால்வ் உள்ள போய் தண்டு மேல எழும்பும், அதனால டேப்பெட் கேப் (வால்வ் தண்டுக்கும் அத தள்ளற பாகத்துக்கும் நடுவுல விடற இடைவெளி) குறையும், அத திரும்ப அளந்து வைக்கலன்னா இன்ஜின் சூடானதும் வால்வ் முழுசா மூடாம மிஸ் அடிக்கும். காலையில நல்லா இருந்து சூடானதும் நடுக்கம் கூடுதான்னு கவனிச்சு சொல்லுங்க, அது பெரிய துப்பு.

கேள்வி: டைமிங் பெல்ட் ஒரு பல்லு தள்ளி மாட்டியிருப்பாங்களோனு கேட்டேன். தப்பியிருந்தா ஸ்டார்ட்டே ஆகாதுங்கறாரு மெக்கானிக்.

பதில்: நெறைய இன்ஜின் ஒரு பல்லு தப்பினாலும் ஸ்டார்ட் ஆகும், ஓடவும் ஓடும், ஆனா பிக்கப் இருக்காது, நீங்க சொல்ற மேடு ஏறாத கதைதான். பி0016 கோட் வந்தா கிராங்க்கும் (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) கேமும் (வால்வ திறக்கற தண்டு) ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலனு அர்த்தம், கோட் வராமலும் இருக்கலாம். பெல்ட் கவர கழட்டி, கிராங்க கையால ரெண்டு முழு சுத்து சுத்தி, மார்க் எல்லாம் நேரா வந்து நிக்குதானு உங்க கண்ணு முன்னாடி காட்ட சொல்லுங்க. கிராங்க் ரெண்டு சுத்தினாத்தான் கேம் ஒரு சுத்து, அதனாலதான் ரெண்டு. கையால சுத்தும்போது எங்கயாவது இடிச்சு நின்னா பலம் போட வேணாம், பிஸ்டன் வால்வ தொடுதுனு அர்த்தம்.

கேள்வி: வேற கராஜுக்கு கொண்டு போயிரட்டுமா? குடுத்த காச நினைச்சா மனசு ஆறல.

பதில்: உங்க கோவம் நியாயம். ஆனா வேற எடத்துல நட்ட கழட்டிட்டீங்கன்னா, "வேற கை பட்டுருச்சு, எங்க பொறுப்பு இல்ல"னு மொத ஆளு சுலபமா கழண்டுக்குவாரு. அதனால மொதல்ல அவங்களுக்கே எழுத்துல, மெசேஜ்ல அனுப்பினாலும் போதும், என்னிக்கு வண்டி எடுத்தீங்க, அன்னிக்கே என்ன கோளாறு இருந்துச்சு, எப்ப திரும்ப காட்டினீங்கனு தேதியோட அனுப்புங்க. காலையில மொத ஸ்டார்ட்ட வீடியோ எடுத்து அதோட சேருங்க. பில்லையும் ஜாப் கார்டையும் பத்திரப்படுத்துங்க. புது கேஸ்கெட்னு பில் போட்டிருந்தா கழட்டின பழச காட்ட சொல்லுங்க. கம்ப்ரஷன் நாலு சிலிண்டருக்கும் எவ்வளவுனு நம்பரா எழுதி கேளுங்க, "எல்லாம் ஓகே"ங்கறது பதில் இல்ல.

அவங்க தட்டிக்கழிச்சா வேற கராஜ்ல சோதனை மட்டும் பண்ணி ரிப்போர்ட் வாங்குங்க, ஸ்கேன், ஸ்மோக், கம்ப்ரஷன், அவ்வளவுதான், ரிப்பேர் அங்க ஆரம்பிக்க வேணாம். அந்த ரிப்போர்ட்டோட மொத எடத்துக்கு திரும்ப போனா பேச்சு வேற மாதிரி இருக்கும். ஈசியுதான்னு அப்பவும் அடிச்சு சொன்னா, போட்டும் சரியாகலன்னா காசு திருப்பி தருவீங்களானு பில்லுலயே எழுதி கேளுங்க, ஏன்னா எலக்ட்ரிக்கல் பார்ட்ட மாட்டி கழட்டினா பெரும்பாலான கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க. ஸ்கேன் கோட் நம்பரும் நாலு கம்ப்ரஷன் அளவும் கிடைச்சதும் அனுப்புங்க, பாத்துட்டு மேல சொல்றேன்.