100 பாட் போதும்

அன்புள்ள ஐயா,

தாய்லாந்து கிராம வாழ்க்கை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 52 வயது. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது, மகள் வெளிநாட்டில். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அங்கே ஏதாவது ஒரு கிராமத்தில் போய் இருந்துவிடலாமா என்று யோசனை. செலவு குறைவு, சிரித்த முகம் என்கிறார்கள். ஆனால் பாங்காக்கில் வேலை பார்த்த நண்பர், "எல்லாம் சோம்பேறிகள், வெளிநாட்டுக்காரனைக் கண்டால் பணம் கறப்பதிலேயே குறியாக இருப்பார்கள்" என்கிறார். உண்மையா? ஓர் ஏக்கர் நிலம் வாங்க முடியுமா? நான் சைவம், சமாளிக்கலாமா?

ச.,
ஈரோடு

அன்புள்ள ச.,

நிலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்க முடியாது. நம்மைப் போன்ற வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிவாகாது. நான் குடியிருக்கும் மனை என் மனைவி பெயரில் இருக்கிறது. பதிவன்று நில அலுவலகத்தில், "இந்தப் பணம் முழுக்க இவளுடையது, எனக்கு இதில் பாத்தியதை இல்லை" என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். பணமும் என்னுடையது, பேனாவும் என்னுடையது. போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் 'சித்தி கெப் கின்' என்று ஓர் உரிமையைப் பத்திரத்தில் பதியலாம். சொல்லுக்குச் சொல் 'சேர்த்துத் தின்னும் உரிமை'. நம் ஊர் செட்டில்மெண்ட் பத்திரத்தில் 'ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வருமே, அதேதான். யாராவது 'சோ போ கோ 4-01' நிலம் மலிவாக இருக்கிறது, கைச்சீட்டு எழுதிக்கொள்ளலாம் என்று வந்தால் எழுந்து போய்விடுங்கள். அது நிலச்சீர்திருத்தத்தில் ஏழை விவசாயிக்கு அரசு கொடுத்தது. வாரிசுக்குப் போகும், விலைக்குப் போகாது.

இப்போது நண்பர் சொன்னதற்கு வருகிறேன்.

நான் இருப்பது ரோய் எட் மாகாணத்தில், ஈசான் பகுதி. ஈசான் என்றால் நம் ஈசானிய மூலைதான், வடகிழக்கு. ரயோங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன், கல்யாணமாகிப் பதினொரு வருடமாக மாமியார் வீட்டில் இருக்கிறேன். ஆமாம், வீட்டோடு மாப்பிள்ளை. ஊரில் இதைச் சொன்னால் என் பெரியப்பா இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இங்கே அதுதான் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். கடைசிப் பெண்ணுக்கு வீடு, கூடவே அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பும். என் மனைவி கடைசிப் பெண். ஆக, மாமியாரின் மூட்டுவலித் தைலம் முதல் கூரை ஓட்டை வரை என் தலையில். வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பலர் 'என்னைக் கறக்கிறார்கள்' என்று புலம்புவது இந்த இடத்தில்தான். உள்ளூர் மாப்பிள்ளையும் இதையேதான் செய்கிறான் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

வந்த முதல் வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் போய்விட்டார். இங்கே சாவென்றால் மூன்று நாளாவது இழுக்கும். இரவெல்லாம் பிக்குகளின் பாராயணம், சாப்பாடு, சீட்டாட்டம், பிறகு கோயில் சுடுகாட்டில் தகனம். வீட்டுக்கு வீடு கொஞ்சம் அரிசியும் ஓர் உறையில் பணமும் கொண்டுபோவார்கள். நான் 1000 பாட் வைத்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளை, கௌரவமாக இருக்கட்டுமே என்று. மேசையில் இருந்த பெண் நோட்டில் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார். "லூக், எவ்வளவு வச்சே?" லூக் என்றால் பிள்ளை. சொன்னேன். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "எல்லாரும் 100 வைக்கிறாங்க. நாளைக்கு நான் செத்தா அவங்க 1000 திருப்பி வைக்கணும். அந்த வீட்டுல அவ்வளவு காசு ஏது? பாவம், கடனாளி ஆக்கிட்டு வந்திருக்கே" என்றார். எனக்குச் சட்டென்று எங்கள் ஊர் மொய் நோட்டு ஞாபகம் வந்தது. அதே நீள நோட்டு, அதே பால்பாயிண்ட் பேனா. இதைத் தெரிந்துகொள்ள நான் தாய்லாந்து மொழி படித்திருக்கவே வேண்டாம், எங்கள் அத்தையிடம் கேட்டிருந்தால் போதும்.

கறப்பதும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மச்சான் ஒருவன் எருமை நோய், டிராக்டர் தவணை, மகளின் பள்ளிச் சீருடை என்று வரிசையாக வருவான். எருமையை நான் பார்த்ததே இல்லை. முதல் இரண்டு முறை கொடுத்தேன், மூன்றாவது முறை மாமியார் முன்னால் வைத்துக் கேள் என்றேன். வரவில்லை. இங்கே முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதைக் குறைவு, ஆனால் பெரியவர்களைப் பஞ்சாயத்துக்கு இழுத்தால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

சோம்பேறித்தனம் பற்றிய பேச்சுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. உங்கள் நண்பர் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வந்து பார்த்திருப்பார். இது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி, வருடத்துக்கு ஒரு போகம். எங்கள் பக்கத்துச் சமவெளிக்குப் பெயரே துங் குலா ரோங்ஹாய், 'குலா அழுத வெளி'. குலா என்ற இனத்து வியாபாரிகள் அதைக் கடக்கும்போது தண்ணீரும் நிழலும் இல்லாமல் அழுதார்கள் என்பது கதை. அந்த மண்ணில்தான் உலகமெல்லாம் போகும் மல்லிகை அரிசி விளைகிறது. மழை பிடித்தால் ஜூன், ஜூலையில் விதைப்பு, நவம்பரில் அறுப்பு. நடவுக்கு ஆள் இல்லாததால் பலர் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள், அறுப்புக்கு வாடகை மிஷின். ஆட்கள் எங்கே என்றால் பாங்காக்கில், டாக்ஸி ஸ்டியரிங்கிலும் கட்டட வேலையிலும். ஊரில் மீதி இருப்பது பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும். மரத்தடியில் வலை ஊஞ்சலில் படுத்திருக்கும் கிழவர் சோம்பேறி இல்லை, அவர் ரிட்டயர்ட். உங்களைப் போலத்தான்.

நம்மை அங்கே என்னவாகப் பார்ப்பார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வெள்ளைக்காரன் என்றால் ஃபராங். நாம் 'கேக்', தின்கிற கேக் இல்லை. விருந்தாளி என்று பொருள், ஆனால் விருந்தாளிக்குரிய மரியாதை எப்போதும் அதில் இருக்காது. தவணைக்குக் கொசுவலை விற்றும் வட்டிக்குக் கொடுத்தும் நம்மவர்கள் முன்பு சுற்றிய சுற்று அப்படி. பாம்பையும் கேக்கையும் ஒன்றாகக் கண்டால் கேக்கை முதலில் அடி என்றொரு பழமொழிகூட உண்டு. முதல் வருடம் என்னிடம் வட்டி என்ன என்று இரண்டு பேர் சீரியஸாகக் கேட்டார்கள்.

அந்தப் பேச்சு நின்றது ஒரு விபத்துக்குப் பிறகு. மழை நாளில் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தேன். முழங்காலில் ரத்தம். மளிகைக்கடை அக்கா ஓடி வந்தாள். நேரே என்னிடம் வரவில்லை, வண்டியின் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டைத் துடைத்துப் படித்தாள். 47. பிறகுதான் என்னைத் தூக்கினாள். லாட்டரிக் குலுக்கல் மாதம் இரண்டு, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும். அந்தப் பதினாறில் பாதித் தெரு 47இல் பணம் கட்டியது. கடைசி இரண்டு எண் 74 வந்தது. அக்கா என்மேல்தான் குறை சொன்னாள்: "நீ தலைகீழா விழுந்திருக்கே, யாரும் எங்கிட்டே சொல்லலை." அன்றிலிருந்து நான் ஊர்க்காரன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இவர்களோடு ஒத்துப்போவதே இல்லை. கோய் பிளா, அதாவது வயல் குட்டையில் பிடித்த மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் கலந்து தின்பது. அதில் கல்லீரல் புழு இருக்கிறது, பல வருடம் உடம்பில் தங்கினால் பித்தநாளப் புற்றுநோய்வரை போகும். உலகிலேயே அந்தப் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள இடங்களில் ஈசானும் ஒன்று. எலுமிச்சையே வேகவைத்துவிடும், மேலே ஒரு கிளாஸ் லாவ் காவ் சாராயம் ஊற்றினால் புழு செத்துவிடும் என்று என் சகலை சாதிப்பார். சாகாது. கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள் படம் போட்ட தட்டியோடு வந்து சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு மாலையில் மீண்டும் மீன் கொத்துகிறார்கள். நான் கத்தி ஓய்ந்து, இப்போது வாணலியை எடுத்து வந்து அடுப்பில் வைத்துவிடுகிறேன். அவர் பாதியை வறுக்க விடுவார், பாதியை ஒளித்துவைப்பார்.

விசா: 50 வயது தாண்டியவருக்கு ஓய்வுக்கால நீட்டிப்பு இருக்கிறது. தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், 90 நாளைக்கு ஒருமுறை இருப்பிடம் தெரிவிக்க வேண்டும், வேலை பார்க்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களுக்கு இருக்கும் 30 பாட் மருத்துவத் திட்டம் நமக்குக் கிடையாது, ஆகவே காப்பீட்டுச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மலிவில்லை. வீடு வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் இருந்து பாருங்கள். டிசம்பர் குளிரில் வந்து முடிவெடுக்காதீர்கள், ஏப்ரலில் வாருங்கள். காலை ஆறு மணிக்கு ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் பேசுவதையும், அறுப்புக்குப் பிறகு நெல்தாள் எரிக்கும் புகையையும் தாங்க முடிகிறதா என்பது அப்புறம்தான் தெரியும்.

சைவம் கஷ்டம்தான். மீன் சாறு இல்லாத குழம்பு இல்லை, பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் 'சோம் தம்' சாலட்டில்கூட பிளா ரா என்கிற ஊறவைத்த மீன் விழும். 'மய் சாய் பிளா ரா' என்று சொன்னால் கடை அக்கா போட மாட்டாள், நம்பலாம். ஆனால் உங்களுக்கு முன்னால் வந்தவருக்கு அதே உரலில்தான் இடித்திருப்பாள். சந்தையில் மண் உரலும் மர உலக்கையும் கிடைக்கும். ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.