ஆழ்மன உளவியலில் பகுப்பாய்வாளர் ஆவது எப்படி? கேள்வி பதில்

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் வகுத்த வழியில் பகுப்பாய்வாளராகப் பயிற்சி பெறுவது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பகுப்பாய்வாளர் என்றால், வருகிறவரின் கனவுகளையும் நினைவுகளையும் அவரோடு பேசி, அவருக்கே தெரியாமல் ஆழ்மனத்தில் இருப்பதைத் தேடுபவர். நான் சூரிக் மரபில் பயின்றவள். ஆகவே அந்தப் பக்கம் சற்றுச் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை, மென்பொருள் பொறியாளர்): வணக்கம் மேடம். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் துறையில் இருக்கிறேன். உளவியலில் பட்டம் கிடையாது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. இந்திய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கரும் உங்களைப் போல இயந்திரப் பொறியியல் படித்தவர்தான். பிறகு வியன்னாவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதற்கும் பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சிக்குப் போனார். உளப்பகுப்பாய்வாளராகப் புகழ்பெற்ற எரிக் எரிக்சனிடம் பல்கலைக்கழகப் பட்டமே இல்லை. ஓவியம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர், வியன்னாவில் அன்னா ஃபிராய்டிடம் பகுப்பாய்வுக்குப் போய், பயிற்சியையும் முடித்தார். ஃபிராய்டின் மாணவர் தியோடோர் ரைக் மருத்துவர் அல்லர் என்பதைக் காரணம் காட்டி அதே வியன்னாவில் சிக்கல் எழுந்தபோது, அவர் பக்கம் நின்று, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1926இல் ஒரு நூலே எழுதினார்.

சூரிக்கில் எந்தத் துறையில் முதுகலை பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நிறுவனம் தரும் டிப்ளமோ வேறு, தொழில் செய்ய அரசு தரும் உரிமம் வேறு. இந்த வேறுபாட்டைப் பயிற்சி முடிந்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு, பாவம். சுவிட்சர்லாந்தில் 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உளவியல் படித்தவர்கள்தான் உளவியல் சார்ந்த உளச்சிகிச்சையாளர் என்ற கூட்டாட்சிப் பட்டத்தைப் பெற முடியும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நியூயார்க் மாநிலத்தில் உளப்பகுப்பாய்வாளருக்கென்றே தனி உரிமம் இருக்கிறது. இந்தியாவில் க்ளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். எந்த ஊரில் உட்கார்ந்து தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கே படிப்பது என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.

கேள்வி (திருச்சி): பயிற்சியில் உண்மையில் என்னதான் நடக்கும்? எத்தனை ஆண்டுகள் ஆகும்?

1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலியோர் வகுத்த ஏற்பாடுதான், சிறு மாறுதல்களுடன் இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. அதற்கு மூன்று கால்கள். நீங்களே ஒரு பகுப்பாய்வாளரிடம் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். பாடங்கள் படிக்க வேண்டும். பிறகு, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில், சிகிச்சைக்கு வரும் ஆட்களைப் பார்க்க வேண்டும்.

சூரிக் வழியில் முதல் கட்டம் முழுவதும் படிப்பும் சொந்தப் பகுப்பாய்வும்தான். கனவுகள், தேவதைக் கதைகள், மதங்களின் வரலாறு, மனநோய்க் குறிகள், ஒப்பீட்டுக்காக ஃபிராய்டும் பிறரும் என்று பாடங்கள் விரியும். சொல் தொடர்புச் சோதனையும் கற்றுத் தருவார்கள். யுங் 1900களின் தொடக்கத்தில் பூர்க்ஹோல்ட்ஸ்லி மனநல மருத்துவமனையில் செய்துபார்த்த அதே சோதனைதான். ஒரு சொல்லைச் சொன்னதும் எதிரே இருப்பவர் மனத்தில் தோன்றும் முதல் சொல்லைச் சொல்ல வேண்டும், எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறிக்க வேண்டும். ‘மேசை’க்கு உடனே ‘நாற்காலி’ என்றவர், ‘தண்ணீர்’ என்றதும் தடுமாறுகிறார், சிரிக்கிறார், கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார். அந்தத் தடுமாற்றத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. கேட்கும்போது விளையாட்டாகத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கூரியது என்று தெரியும்.

அடுத்து இடைநிலைத் தேர்வு. அதில் தேறினால்தான் ஆட்களைப் பார்க்க அனுமதி கிடைக்கும். அதன்பின் மேற்பார்வை, சிகிச்சை அறிக்கைகள், ஓர் ஆய்வேடு, இறுதித் தேர்வு. நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்து முடியாது. வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு ஆறு, ஏழு ஆண்டுகள் சாதாரணம். மதிப்பெண் வாங்கிப் பழகிய நம்மவர்களுக்குத் தேர்வுகள் பயம் தராது. மூத்தவர்கள் குழு உங்களை அழைத்து, “இன்னும் ஓராண்டு பொறுங்கள், நீங்கள் இதற்குத் தயாராகவில்லை” என்று சொல்வதுண்டே, அதைத் தாங்குவதுதான் கடினம். பாடத்தில் முதலாவதாக வந்தவருக்கும் அது நேரலாம்.

கேள்வி (மதுரை, உளவியல் மாணவி): எனக்கு மனநோய் எதுவும் இல்லை. நான் ஏன் நூற்றுக்கணக்கான மணி நேரம் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும்? புத்தகமும் மேற்பார்வையும் போதாதா?

போதாது. இந்த விதியை முதலில் வலியுறுத்தியவர்கள் யுங்கும் அவருடைய சூரிக் குழுவினரும்தான். ஃபிராய்டும் யுங்கும் பிரிவதற்குச் சற்று முன், 1912இல், ஃபிராய்டே இதைச் சூரிக்காரர்களின் சிறப்பு என்று எழுதிப் பாராட்டினார். இன்று பொதுவாக 240 முதல் 300 மணி நேரம் வரை கேட்கிறார்கள். அது குறைந்தபட்சக் கணக்கு.

காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். தன் அண்ணன்மீது உள்ள கோபத்தை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒருவர் பகுப்பாய்வாளராகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர், “எங்கள் அண்ணன்தான் எங்களைப் படிக்க வைத்தார், ஆனாலும்…” என்று தொடங்குகிறார். அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரவிருந்தது இருபது ஆண்டுக் கோபம். நம் பகுப்பாய்வாளர் அதை வரவிடமாட்டார். “உங்கள் அண்ணன் எவ்வளவு பாடுபட்டிருப்பார்” என்று பரிவோடு சொல்லி மூடிவிடுவார். தான் தடுத்தது அவருக்கே தெரியாது. மேற்பார்வையாளரிடம் சொல்லும்போதும் அந்த இடத்தைத் தாண்டித்தான் சொல்வார். புத்தகத்தால் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அதைப் படிப்பதும் அதே ஆள்தான்.

இன்னொன்றும் உண்டு. வருகிறவர் உங்களைச் சில நாள் தாயாகவும், சில நாள் ஏமாற்றிய கணவனாகவும் நடத்துவார். வெறுப்பார், மிகவும் நேசிப்பார். நீங்களும் யாரோ ஒருவரிடம் அப்படிக் குழந்தையாகி, வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய், மறுவாரம் திரும்பி வந்திருந்தால்தான் அதன் நடுவில் நிலைத்து உட்கார முடியும். மற்றவை எல்லாம் இதைச் சுற்றி வந்த ஏற்பாடுகள் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி (சென்னை): ஃபிராய்ட் வழிப் பயிற்சிக்கும் யுங் வழிப் பயிற்சிக்கும் என்ன வேறுபாடு?

ஃபிராய்ட் வழியில் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து அமர்வுகள், பெரும்பாலும் சாய்வுக் கட்டிலில் படுத்தபடி. சூரிக் வழியில் நேருக்கு நேர் நாற்காலியில், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. கனவுக்கும் தொன்மங்களுக்கும் யுங் வழியில் இடம் அதிகம். ஆனால் மைக்கேல் ஃபோர்டம் வழிவந்த லண்டன் யுங்கியர்கள் குழந்தைப் பருவத்துக்குத் தரும் அழுத்தத்தைப் பார்த்தால், அவர்கள் ஃபிராய்டியர்களுக்கு நெருங்கியவர்கள் என்றே தோன்றும். சூரிக் நிறுவனத்தின் கல்வி இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹில்மனோ இன்னொரு திசையில் போனார். ‘யுங் வழி’ என்ற பலகையைப் பார்த்ததும் சேர்ந்துவிடாதீர்கள், எந்த யுங் என்று கேளுங்கள்.

கேள்வி (சூரிக், ஆசிரியை): வணக்கம் அக்கா. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். படிப்பு ஜெர்மனில் என்றாலும் என் கனவுகள் பாதி தமிழில் வருகின்றன. சுவிஸ் பகுப்பாய்வாளரிடம் அவற்றை எப்படிச் சொல்வது?

வணக்கம் தங்கச்சி. தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமர்வில் முதலில் தமிழில் வாசித்துவிட்டுப் பிறகு ஜெர்மனில் சொல்லுங்கள். நல்ல பகுப்பாய்வாளர் முதல் வாசிப்பின்போது உங்கள் குரலையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கனவு எந்த மொழியில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பேசாமல் விட்ட போர்க்காலம் தமிழ்க் கனவுகளில் மட்டும் வரக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. நம்மிடம் கதைகள் அதிகம்: கண்ணகி, நல்லதங்காள், அண்ணன்மார். கனவில் பாம்பு வந்தவுடன் நாகம்மன் என்று தாவும் ஆசை பயிற்சி மாணவர் எல்லோருக்கும் வரும். முதலில் கேட்க வேண்டியது, அந்த ஆளுக்குப் பாம்பு என்றால் என்ன நினைவு வருகிறது என்பதுதான். சிறுவயதில் வீட்டுக் கிணற்றடியில் அடித்துக் கொன்ற பாம்பாக இருக்கலாம். தொன்மம் அதற்குப் பிறகுதான். அதையும் பல நேரங்களில் நாம் மனத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி (புதுச்சேரி): செலவு எவ்வளவு ஆகும்?

கல்விக் கட்டணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் ஊரில் ஒரு பகுப்பாய்வு அமர்வுக்கு என்ன கட்டணமோ அதை 300ஆல் பெருக்குங்கள். அதனுடன் மேற்பார்வைக் கட்டணத்தையும் சேருங்கள். பெரும்பாலோர் வேலையை விடாமல் படிப்பதற்கு இதுதான் காரணம்.

கேள்வி (சேலம்): வெளிநாடு போகாமல் இந்தியாவில் படிக்க முடியாதா?

ஃபிராய்ட் வழிக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, ஃபிராய்டியர்களின் சர்வதேசச் சங்கத்தோடும் இணைத்தார். பயிற்சி அளிக்கும் சங்கம் அது. யுங் வழியில், 1955இல் தொடங்கிய பகுப்பாய்வு உளவியலுக்கான சர்வதேசச் சங்கம், பயிற்சி நிறுவனம் இல்லாத நாடுகளில் இருப்பவர்களுக்கென ‘ரூட்டர்’ என்ற தனிவழி ஒன்றை வைத்திருக்கிறது. சொந்த ஊரில் இருந்தபடியே, அங்கீகாரம் பெற்றவர்களிடம் பகுப்பாய்வும் மேற்பார்வையும் பெற்று, இடைநிலைத் தேர்வையும் இறுதித் தேர்வையும் எழுதி உறுப்பினராகலாம். இந்த வழியில் வருபவர்கள் ஆண்டுக்குச் சில முறை பயணம் போய் அடுத்தடுத்த நாட்களில் அமர்வுகளை முடிப்பது முன்பு வழக்கமாக இருந்தது. இப்போது இணையவழி அமர்வுகளும் சேர்ந்துகொண்டன. எத்தனை மணி நேரம் நேரில் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், மருத்துவர்): இது அறிவியலா?

நேர்மையான கேள்வி டாக்டர். ஆழ்மனம் சார்ந்த உளச்சிகிச்சைகளுக்குப் பலன் உண்டு என்று காட்டும் ஆய்வுகள் கணிசமாக இருக்கின்றன. ஜோனதன் ஷெட்லர் 2010இல் அவற்றைத் தொகுத்து எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீளும் பகுப்பாய்வை மருந்துபோல ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதிப்பது கடினம். கூட்டு நனவிலி (மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஆழ்மனம்), ஆழ்படிமம் (அதில் உறையும் பொது வடிவங்கள்) போன்ற யுங்கின் கருத்துகள்மீது எங்களுக்குள்ளேயே சண்டை ஓய்ந்தபாடில்லை. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவரையும், மனப்பிறழ்வின் உச்சத்தில் இருப்பவரையும் தயங்காமல் உங்களைப் போன்ற மருத்துவர்களிடம் அனுப்ப வேண்டும். அதைக் கற்றுத்தராத பயிற்சி எனக்குப் பயிற்சியாகத் தோன்றாது.

கேள்வி (திருவண்ணாமலை): நம் குரு சீடர் மரபும் இதுவும் ஒன்றுதானே? யுங் ரமணரைச் சந்தித்தாரா?

சந்திக்கவில்லை. இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்காக 1937 இறுதியில் இந்தியா வந்தவர், தெற்கே திருவனந்தபுரம்வரை வந்தார். அங்கே ரமணரின் அடியார் ஒருவரைச் சந்தித்தார். அவர் மனைவி மக்களோடு வாழ்ந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அந்த ஆசிரியரைப் பற்றி யுங் பின்னாளில் அன்போடு எழுதினார். ரமணரைப் பற்றி இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் சிம்மர் எழுதிய நூலுக்கு முன்னுரையும் தந்தார். ஆனால் ஆசிரமத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

குருவின் முன் சரணடைகிறோம். பகுப்பாய்வாளரிடம் சரணடைந்தால், “ஏன் சரணடைகிறீர்கள்?” என்று அவர் அதையே பேச எடுக்க வேண்டும். அதிலிருந்து நீங்கள் வெளியே வருவதும் சிகிச்சையின் பகுதி. இதில் யுங்கே சறுக்கியவர்தான். 1904இல் நோயாளியாக வந்த சபீனா ஷ்பீல்ரைனுடனான அவர் உறவு எல்லை மீறியது. இன்று அதே செயலுக்கு உறுப்பினர் தகுதி பறிபோகும். சேரும் முன் நிறுவனத்தின் நெறிமுறை விதிகளையும், புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): எனக்கு 52 வயது. தாமதமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

52 வயதில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். வாழ்க்கையின் இரண்டாம் பாதியைப் பற்றி அவ்வளவு எழுதிய யுங்கின் மரபில் இது குறையாகாது. சில நிறுவனங்கள் மேல் வயது வரம்பு வைத்திருக்கக்கூடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இப்போது வேண்டாம். பகுப்பாய்வு உளவியலுக்கான சர்வதேசச் சங்கத்தின் உறுப்பினர் ஒருவரைத் தேடி, பயிற்சி என்ற பேச்சை எடுக்காமல், உங்களுக்காகவே ஓராண்டு பகுப்பாய்வுக்குப் போங்கள். அவர் உறுப்பினராக இருந்தால் அந்த மணி நேரங்களைப் பின்னால் கணக்கில் சேர்க்க வாய்ப்புண்டு. ஓராண்டு கழித்தும் ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பக் கட்டுரையைச் சேர்ந்து பார்ப்போம்.