சதுரங்கம்: வாசகர் கேள்வி

கேள்வி: பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டக் குறிப்புகளைத் தினமும் ஏழெட்டுப் பார்க்கிறேன். படிக்கும்போது புரிகிறது. ஆட உட்கார்ந்தால் பத்தாவது நகர்வுக்குள் திணறிப்போகிறேன். எங்கே தவறு?

பதில்: ஏழெட்டு என்பதுதான் தவறு. ஒன்று போதும். 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி வெள்ளையில் ஆடிய ஆட்டத்தை எடுங்கள். பிரன்ஸ்விக் டியூக்கும் இசுவார் பிரபுவும் கலந்துபேசி ஆடியும் 17 நகர்வில் தோற்றார்கள். தொடக்கம் ஃபிலிடோர் தற்காப்பு. குறிப்பைத் தாளால் மூடிக்கொண்டு, வெள்ளையின் அடுத்த நகர்வை ஊகித்து எழுதிய பிறகே தாளை இறக்குங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் வெள்ளையின் நகர்வு, அடுத்து கறுப்பின் நகர்வு; எழுத்தும் எண்ணும் காய் போய் நிற்கும் கட்டம்: 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4. இங்கே கறுப்பு பிஷப்பை ஜி4-இல் வைத்துக் குதிரையைக் கட்டிப்போடுகிறது (குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும்). பார்க்க நல்ல நகர்வுதான். ஆனால் வெள்ளை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு சிப்பாயால் திருப்பி வெட்டினால் என்ன ஆகும் என்று காய்களைக் கையால் நகர்த்தியே பாருங்கள். டி8-இல் ராணிகள் மாறிக்கொள்ளும், கட்டு அவிழ்ந்துவிடும், குதிரை இ5 சிப்பாயைச் சும்மா எடுத்துக்கொண்டு ஜி4 பிஷப்பையும் எஃப்7-ஐயும் ஒருசேரத் தாக்கும். எஃப்7-இல் அது இறங்கினால் ராஜாவுக்குச் செக், எச்8 யானையும் போச்சு. அதனால்தான் மார்ஃபியின் எதிரிகள் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார்கள். மூன்றாவது நகர்வில் டி4-ஐ வெட்டுவதோ குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருவதோ மேல். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். இந்தக் கிளையை ஆடாமல் மனப்பாடம் செய்தது பலகையில் கைகொடுக்காது.

அடுத்து நிற்க வேண்டிய இடம் 7.ராணி பி3. குறி இரண்டு: எஃப்7, பி7. கறுப்பு ராணி இ7-க்கு வந்து எஃப்7-ஐக் காக்கிறது, கூடவே தன் எஃப்8 பிஷப்பின் வழியை அடைக்கிறது. ஆட்டம் முடியும்போதும் அந்த பிஷப்பும் எச்8 யானையும் வைத்த கட்டத்திலேயே நிற்கும்.

கேள்வி: நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரலான என்ஜினை எப்போது திறப்பது?

பதில்: உங்கள் ஊகங்களை எழுதி முடித்த பிறகு. எட்டாவது நகர்வில் பி7-ஐ வெட்ட நினைத்தீர்களா? அதுவும் சரியே. கறுப்பு பி4-இல் செக் வைத்து ராணிகளை மாற்றும், உங்களுக்கு ஒரு சிப்பாய் லாபம். மார்ஃபியோ தாக்குதலை விடாமல் குதிரையை சி3-க்கு இறக்கினார். என்ஜின் தரும் எண்ணில் இந்த வித்தியாசம் தெரியாது.

மூன்று நாள் கழித்துக் குறிப்பில்லாமல் ஆடிப் பாருங்கள். கை தயங்கும் நகர்வுக்குத்தான் காரணம் புரியவில்லை. அங்கிருந்து மட்டும் திரும்பப் படியுங்கள்.