ஆறு பக்கத்தில் இருந்தால் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா?

கேள்வி: வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியிருக்கிறேன். சுசீந்திரத்துக்குத் தெற்கே, பழையாற்றங்கரையை ஒட்டி 70 சென்ட் நஞ்சை விலைக்கு வந்திருக்கிறது. “ஆறு காலடியில் கிடக்கிறது, கன்னிப்பூவும் கும்பப்பூவும் தவறாமல் விளையும்” என்று ஆண்டின் இரண்டு நெல் போகத்தையும் சொல்கிறார் தரகர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள்.

ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் இருக்கிறது. மேலே எங்கோ ஒரு தடுப்பணையிலிருந்து வாய்க்கால் பிரிந்து வந்தால்தான் ஆற்றுத் தண்ணீர் வயலில் ஏறும். நாஞ்சில் நாட்டு (குமரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதி) வயல்களில் பெரும்பாலானவை நம்பியிருப்பது கோதையாற்றையும் பரளியாற்றையும். பழையாற்றுக்கும் அவற்றுக்கும் பிறப்பில் உறவில்லை. அவை திருவட்டாறு பக்கம் ஒன்றுகூடி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்பவை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தேக்கிய தண்ணீரைப் புத்தன் அணையில் திருப்பி, பாண்டியன் கால் என்ற வாய்க்கால் வழியாகவும் சானல்கள் வழியாகவும் கிழக்கே கொண்டு வருகிறார்கள். ஆகவே ஆறு எத்தனை அடி தூரம் என்று அளக்காதீர்கள். வயலுக்கு எந்தச் சானல், எந்த மடை (தண்ணீர் திறந்துவிடும் வாய்), அந்த மடை சானலின் தலையிலா கடைசியிலா என்று கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் பகுதி பெரும்பாலும் கடைசி. அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூன் தொடக்கம் முதல் பிப்ரவரி முடிய என்று அறிவிக்கப்படும், ஏறக்குறைய 79,000 ஏக்கருக்கு. காகிதத்தில் கடைமடையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் திறந்த தண்ணீர் பாசியையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு கடைமடைக்கு வந்து சேர நாளாகும். தூர்வாரும் வேலையோ தண்ணீர் திறக்கும் வாரத்தில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1906-இல் பேச்சிப்பாறையைக் கட்டி முடித்தார்கள். சானலில் கிடக்கும் மண்ணை அள்ள நமக்கு இன்னும் நேரம் வரவில்லை. கன்னிப்பூ தாமதமானால் கும்பப்பூவும் தள்ளிப்போகும். கதிர் பால் பிடிக்கும் வேளையில் மேலே ஷட்டர் இறங்கிவிடும்.

தரகர்கள் நிலத்தைக் காட்டுவது அக்டோபர், நவம்பரில். அப்போது மழையில் எல்லா வயலும் கடல்போல் நிற்கும். ஒரு முறை நண்பர் ஒருவருக்காக மணக்குடிப் பக்கம் அப்படி ஒரு வயலைப் பார்த்து மயங்கி நின்றேன். ஏப்ரலில் திரும்பப் போனபோது வரப்பின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பு. பழையாற்றில் வரத்துக் குறைந்தால் அது கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகம் வழியாகக் கடல்நீர் மேலேறி வரும். “மோட்டார் வைத்து ஆற்றிலிருந்து இறைத்துக்கொள்ளலாம்” என்று தரகர் சொன்னால் இந்த உப்பை நினைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு நாகர்கோவில் நகரத்துச் சாக்கடையும் அந்த ஆற்றில்தான் கலக்கிறது.

கடைமடையானாலும் வாங்கலாம் என்று நான் சொல்லும் நிலம் ஒன்று உண்டு: குளத்துப் பாசன வயல். சானல் தண்ணீர் குளத்தில் விழுந்து, குளத்து மடை வழியாக வயலுக்கு வருமானால், மேலே அடைத்த பிறகும் சில வாரங்கள் தாங்கும். கும்பப்பூவைக் காப்பாற்ற அதுவே போதும். ஆனால் வருவாய்த் துறை ஆவணத்தில் குளம் என்று இருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். தாமரை மண்டி, பாதி மண் மேவி, கரையோரம் தென்னை வைத்துச் சுருக்கிய குளங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். குளத்துக்கு வரும் வாய்க்கால் திறந்திருக்கிறதா, மடையின் பலகை ஏறி இறங்குகிறதா, குளம் நிரம்பி வழியும் மறுகால் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பாருங்கள். மறுகால் உங்கள் வயல் வழியாகப் போனால் மழைக்காலத்தில் பயிர் மூழ்கும். இத்தனையும் சரியாக இருந்தால், ஆற்றங்கரை நிலத்தைவிட இதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

காகிதத்தில் இரண்டு போதும். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் பாசன ஆதாரம் என்ன என்று பாருங்கள். சில ஆண்டுகளின் அடங்கலை (பயிர்க் கணக்கை) பார்த்து இரண்டு பூவும் பயிரானதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நாற்காலியை விட்டு எழாமல் எழுதிய அடங்கலையும் பார்த்திருக்கிறேன். அதனால் பக்கத்து வயல்காரரிடமும், தரகர் இல்லாத நேரத்தில், போன கன்னிப்பூவுக்கு எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள்.

மார்ச் கடைசியில் ஒரு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அதற்குள் வேறு ஆள் அட்வான்சோடு நிற்கிறார் என்று தரகர் போன் செய்வார். நிற்கட்டும்.