மரீனா ராட்னர் பத்தி கேட்டவங்களுக்கு

எர்காடிக் தியரில (ஓடிக்கிட்டே இருக்கற புள்ளி நாளடைவுல எங்கெல்லாம் போகுதுன்னு பாக்கற கணிதம்) பிஎச்டி பண்ணேன்னு சொன்னதும் பாதி கேள்வி அந்தத் துறையில பெரிய தேற்றங்கள் நிரூபிச்ச கணிதவியலாளர் மரீனா ராட்னர் பத்தியே வந்திருக்கு, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, கணக்குல முப்பதுக்குள்ள எதாவது பண்ணலன்னா அவ்ளோதான்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: ராட்னரையே எடுத்துக்கோங்க. 1938ல மாஸ்கோல பிறந்தவங்க, சின்னப் பொண்ண வளர்த்துக்கிட்டே கணிதவியலாளர் சினாய்கிட்ட பிஎச்டி முடிச்சது 1969ல. இஸ்ரேல் போக விசா கேட்டதுக்கே இருந்த வேலை போச்சு, 1971ல கிளம்பிப் போய் அங்க சில வருஷம் பாடம் எடுத்து, அப்புறம் 1975ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டி. இன்னிக்கி நாம அவங்க பேர் சொல்ற தேற்றமெல்லாம் பேப்பரா வந்தது 1990, 91ல, வயசு 50 தாண்டியாச்சு. கணிதத்தோட பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடலுக்கு 40 வயசுதான் வரம்பு, அதனால அந்தப் பேச்சே இல்ல (என்னைக் கேட்டா அந்த வரம்பே அபத்தம்).

கேள்வி: அந்தத் தேற்றம்தான் என்ன? நான் பி.காம்.

பதில்: ஒரு சதுரம், வலது பக்கம் வெளிய போனா இடது பக்கம் உள்ள வரணும், மேல போனா கீழ இருந்து வரணும், பழைய நோக்கியா பாம்பு கேம் மாதிரி. அதுல ஒரு புள்ளிய நேர்கோட்டுல ஓடவிட்டா, சாய்வு விகிதமுறு எண்ணா இருந்தா கிளம்பின இடத்துக்கே வந்துடும், விகிதமுறா எண்ணா இருந்தா சதுரத்துல ஒரு இடம் விடாம எல்லாத்துக்கும் நெருங்கிப் போகும். ரெண்டுல ஒண்ணு, நடுவுல அரைகுறை கிடையாது. லீ குரூப்ல (சுழற்சி மாதிரி தொடர்ச்சியா மாறற சிமெட்ரிகளோட தொகுப்பு) இருந்து வர்ற, இதவிட பல மடங்கு சிக்கலான இடங்கள்லயும் (மொத்த வால்யூம் ஃபைனைட்டா இருக்கணும்) யூனிபொட்டென்ட் ஃப்ளோ (பக்கத்துப் புள்ளிகள் மெதுவா மட்டும் விலகற ஒரு வகை ஓட்டம்) ஓடுச்சுன்னா, புள்ளி எங்கெல்லாம் நெருங்குதோ அந்த இடம் எப்பவும் ஒழுங்கான அல்ஜீப்ரா வடிவம்தான்னு நிரூபிச்சாங்க. ஜியோடெசிக் ஃப்ளோல (வளைஞ்ச இடத்துல நேர்கோடு மாதிரியான பாதையில ஓடறது) இந்த சௌகரியம் கிடையாது, அங்க ஃபிராக்டல் (எவ்ளோ பெரிசாக்கிப் பாத்தாலும் சிக்கலாவே இருக்கற வடிவம்) கூட வரும்.

கேள்வி: ரெண்டுக்கும் ஏன் அவ்ளோ வித்தியாசம்?

பதில்: நல்ல கேள்வி, விஷயமே இங்கதான் இருக்கு. ஜியோடெசிக் ஃப்ளோல பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு புள்ளி எக்ஸ்பொனென்ஷியலா (மடங்கு மடங்கா) பிச்சுக்கிட்டுப் போயிடும். யூனிபொட்டென்ட்ல பாலினாமியல் (t, t² மாதிரி) வேகம்தான். அதனால ரெண்டும் கண்ணுக்குத் தெரியற தூரம் விலகின பிறகும் ரொம்ப நேரம் கிட்டத்தட்ட அதே இடைவெளியிலயே ஓடும், அந்த நேரத்துல ரெண்டு பாதையையும் ஒப்பிட்டுப் பாத்தா மெஷர்ல (புள்ளி எந்தப் பகுதியில எவ்ளோ நேரம் இருக்குன்னு சொல்ற அளவு) புதுசா ஒரு சிமெட்ரி மாட்டும், அதுக்கு மேல இன்னொண்ணு, இப்படியே போகும். 80கள்ல ஹோரோசைக்கிள் ஃப்ளோங்கற ஒரே எளிய யூனிபொட்டென்ட் உதாரணத்துல உக்காந்து இதப் பழகினவங்க அவங்க.

கேள்வி: ராட்னர் நிரூபிச்சதுக்குப் பேரு ரகுநாதன் கன்ஜெக்சர் (ஊகம்)னு படிச்சேன், நம்ம ஊர்க்காரரா?

பதில்: ஆமா, எம்.எஸ்.ரகுநாதன், சென்னை விவேகானந்தா காலேஜ்ல படிச்சிட்டு மும்பை டாடா இன்ஸ்டிட்யூட் போனவர். அந்த ஊகத்த அச்சுல முதல்ல கொண்டு வந்தது அங்கயே இருந்த எஸ்.ஜி.தானி, 1981ல. பின்னாடி இருந்த ஆசை கணிதவியலாளர் ஆப்பன்ஹைம் 1929ல ஆரம்பிச்சு வெச்ச கேள்வி: x²+y²−√2z² மாதிரி ஒண்ணுல எல்லாம் சைபரா இல்லாத முழு எண்களப் போட்டு சைபருக்கு எவ்ளோ வேணா கிட்ட போகலாமா? போகலாம்னு கணிதவியலாளர் மார்குலிஸ் 1987ல முடிச்சாரு, ஃப்ளோ வழியாதான். எண் கணக்க புள்ளி ஓட்டி முடிக்கறதுன்னா சும்மாவா!

கேள்வி: ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கின மிர்சாகானிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரா உண்டு. அவரும் கணிதவியலாளர் எஸ்கினும் பண்ணினது ராட்னர் மாதிரியே ஒரு தேற்றம், ஆனா மாடுலி ஸ்பேஸ்ல (ஒவ்வொரு புள்ளியும் ஒரு வடிவத்தக் குறிக்கற இடம்), அங்க அந்த லீ குரூப் ஒழுங்கே கிடையாது, அதனால இன்னும் கஷ்டம்.

கேள்வி: எம்எஸ்சி ஃபைனல் இயர். எங்க ஆரம்பிக்கறது?

பதில்: மெஷர் தியரி உறுதியா இருக்கணும். அப்புறம் 2×2 மேட்ரிக்ஸ வெச்சே ரெண்டு ஃப்ளோவையும் கையால கணக்குப் போட்டுப் பாருங்க. ராட்னரோட ஒரிஜினல் பேப்பர்ல நேரா குதிக்க வேணாம், மண்ட காஞ்சிடும், மார்குலிஸும் டொமானோவும் 1994ல குடுத்த நிரூபணம் என்ட்ரோபி (ஓட்டத்தோட குழப்பத்த அளக்கற எண்) வழியா போகும், எனக்கு அதுதான் முதல்ல புரிஞ்சுது.