ஹோசோனோவும் ரெண்டாங்கட்டு அறையும்: இசை கேள்வி–பதில்

கேள்வி: அண்ணாச்சி, ஹருஓமி ஹோசோனோ பாட்டு ஒன்றில் நாட்டுப்புற வாடையோடு கிட்டார் இருக்கிறது, இன்னொன்றில் முழுக்க சிந்தசைசர். ரெண்டும் ஒரே ஆள்தானா?
— வாசகர், தென்காசி

பதில்: ஒரே ஆள்தான். 1947இல் டோக்கியோவில் பிறந்த பேஸ் கிட்டார்க்காரர். டிரம்மர் தகாஷி மட்சுமோட்டோ, எய்ச்சி ஓடாகி, ஷிகெரு சுசுகி மூவரோடும் சேர்ந்து 'ஹாப்பி எண்ட்' குழுவில் இருந்தார். அவர்களுடைய 'கஸெமாச்சி ரோமன்' ஆல்பம் 1971இல் வந்தது. 1972 முடிவில் குழு கலைந்தது. 1978இல் ரியூயிச்சி சகமோட்டோ, யுகிஹிரோ தகஹாஷியோடு 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' தொடங்கினார். நீங்கள் கேட்ட சிந்தசைசர் அந்தப் பக்கம். 2018இல் 'ஷாப்லிஃப்டர்ஸ்' படத்துக்கு இசையும் அவரே.

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள். பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும், போன் அதைக் காட்டவே காட்டாது. ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழி ராக்குக்கு ஒத்துவராது என்று அங்கே வாதம் நடந்ததாமே? எங்கள் குழு தமிழில் பாடினாலும் தாளம் இழுக்கிறது.
— வாசகர், ஆலங்குளம்

பதில்: 1970 வாக்கில் நடந்தது. ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்ற அணியில் ராக் பாடகர் யூயா உச்சிதா நின்றார். ஜப்பானியச் சொல் பெரும்பாலும் உயிரொலியில் முடியும், ஆங்கிலம்போல வெட்டென்று நிற்காது. மட்சுமோட்டோ பாட்டு வரிகளை ஜப்பானியத்திலேயே எழுதினார். ஹாப்பி எண்ட் அந்தச் சொற்களை மெட்டில் பிரித்து உட்காரவைத்தது. அவர்கள் செய்தது சரி என்பதே எங்கள் கருத்து.

உங்களுக்கு வழி இது. மெட்டை விட்டுவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டே வரிகளைப் பேசிப் பாருங்கள். நெடில் விழும் இடங்களைக் குறித்து, அவற்றை நீளமான சுரத்துக்குக் கொடுங்கள். குறிலை இழுத்தால் 'கல்' 'கால்' ஆகிவிடும். இழுவை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. 'க்க', 'ட்ட', 'ப்ப' வருமிடத்தில் நாக்கோ உதடோ ஒரு கணம் அடைத்து நிற்கிறது. அந்த இடைவெளியில் கிட்டாரை நிறுத்தச் சொல்லி, ஸ்னேர் டிரம்மின் அடியை அங்கே வையுங்கள்.

கேள்வி: ஹோசோனோ வீட்டிலேயே ஆல்பம் பதிந்தாராமே, நம்ம வீட்டில் முடியுமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 1973இல் வந்த 'ஹோசோனோ ஹவுஸ்' அது. சைதாமா மாகாணத்துச் சயாமாவில், ஒரு காலத்தில் அமெரிக்கப் படையினர் குடியிருந்த வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பதிவுக் கருவிகளை அங்கேயே கொண்டுவந்து, குழுவாக வாசித்தார்கள். அறையின் சத்தமும் பதிவில் கலந்திருக்கிறது. அந்த ஆல்பத்தின் அழகே அதுதான்.

நம்ம ஊரில் தெருப்பக்கத்துத் தார்சாவை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் ரெண்டாங்கட்டுக்குப் போங்கள், ரோட்டுச் சத்தம் குறையும். நடு அறையில் கைதட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று எதிரொலித்தால், எதிரெதிர்ச் சுவர்களும் மொசைக் தரையும் சத்தத்தைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். பாய் மெல்லிசு, பத்தாது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்தி, தரையில் ஜமுக்காளத்தை மடித்து விரியுங்கள். நாலு சுவரையும் மூடிவிடாதீர்கள். கூர்மையான ஒலி மட்டும் செத்துப்போய்க் கீழ்ஸ்தாயி அப்படியே கும்மென்று நிற்கும்.

கிட்டாருக்கு மைக்கை ஒரு அடி தூரத்தில், கழுத்தின் 12ஆவது கட்டையை (ஃப்ரெட்) பார்த்து வையுங்கள். கிட்டார் உடலின் ஓட்டைக்கு நேராக வைத்தால் 'பூம்' என்று உருளும். பாடகரும் கூடவே பாடினால் இரண்டு மைக்குக்கும் இடையே மூன்று அடியாவது விடுங்கள். நெருங்கினால் ஒரே சத்தம் இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து, குரல் ஒல்லியாகிவிடும்.

ஃபேனை அணைத்தே ஆக வேண்டும். உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு சார்ஜரிலோ எர்த்திலோ இருக்கிறது, மைக்கில் இல்லை. நிற்காவிட்டால் இன்வெர்ட்டரை விட்டு ஒயரைத் தள்ளிப் போடுங்கள். பதிவு மென்பொருளின் அமைப்பு 24 பிட்டில் இருக்கட்டும், உச்சக் குரல் அதன் மீட்டரில் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். சிவப்பு விளக்கைத் தொட்ட குரலைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

கேள்வி: 'கொச்சின் மூன்' என்பது நம்ம பக்கத்துக் கொச்சியா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: ஆமாம். ஓவியர் தடனோரி யோகூவோடு இந்தியா வந்துபோன பிறகு ஹோசோனோ 1978இல் வெளியிட்ட ஆல்பம் அது. செண்டையை எதிர்பார்க்காதீர்கள், சிந்தசைசர்தான். ஒரு பாட்டின் தலைப்பில் மெட்ராஸும் உண்டு.