யாரோ பாட்டிகளைப் பார்க்கப் போகிறாள், என்னை யார் பார்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. நர்சிங் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இப்போது திடீரென்று, முதியோர்களைக் கவனிக்கும் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையில் சேரப் போகிறேன் என்கிறாள். நாங்களும் கத்தோலிக்கர்கள்தான். எங்கள் ஊரில் சிஸ்டராகப் போன பெண்கள் நிறையப் பேர் உண்டு. பள்ளிக்கூடம் நடத்தும் சபை என்றால்கூட மனசு ஆறும். இவள் காலம் முழுக்கக் கிழவர் கிழவிகளுக்கு மலஜலம் எடுத்து, மாதம் ஒரு சாவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? ஒரு நல்லநாள் பெரியநாள் உண்டா அங்கே? கணவர் விசைப்படகில் போகிறவர். மகன் குவைத்தில் இருக்கிறான். இவள் கல்யாணத்துக்கென்று 30 பவுன் சேர்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு நானும் கிழவியாவேன். யாரோ பாட்டிகளைத் தூக்கிக் குளிப்பாட்டப் போகிறவள், எனக்கு முடியாமல் போனால் வருவாளா?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முக்கால்வாசிக் கடிதம் மகளைப் பற்றியது. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நல்லநாள் பெரியநாள் விஷயத்தைப் பேசிவிடலாம். ஏனென்றால் நீங்கள் மனசில் வைத்திருக்கும் படம் வேறு, அந்த வீடுகளில் நடப்பது வேறு.

முதியோர் இல்லம் என்றாலே ஆளரவம் இல்லாத தாழ்வாரமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறார்கள். சிஸ்டர்கள் நடத்தும் இல்லங்களில் வருடத்தில் விழா இல்லாத மாதம் கிடையாது. பிப்ரவரி 2 ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள், துறவிகளுக்கான நாளும் அதுதான். அன்றைய நற்செய்தியில் குழந்தை இயேசுவைக் கையில் வாங்குகிற சிமியோனும் 84 வயது அன்னாவும் முதியவர்கள் என்பதால் இல்லத்தில் அது இரண்டு தரப்புக்கும் பண்டிகை. மார்ச் 19 சூசையப்பர் திருநாள். இந்தச் சபைக்கு அவர்தான் காரியதரிசி மாதிரி. சமையலறையில் எது தீர்ந்துபோனாலும் அதில் ஒரு துளியை அவர் சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு இல்லையா, ஓர் உருளைக்கிழங்கு அங்கே உட்கார்ந்திருக்கும். ஜூலை நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாள், திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தொடங்கி வைத்தது. ஆகஸ்ட் 30 சபையைத் தொடங்கிய புனித ழான் ஜுகானின் திருநாள். அப்புறம் கிறிஸ்துமஸ் குடில், பாட்டு, சிஸ்டர்களே வேஷம் கட்டி நடிக்கிற நாடகம். இடையிடையே யாராவது ஒரு சிஸ்டரின் வெள்ளி விழா, பொன் விழா. யாராவது ஒரு தாத்தாவின் பிறந்தநாள். பிறந்த தேதியே தெரியாமல் வந்து சேர்ந்தவருக்கும் ஏதோ ஒரு நாளில் கேக் வெட்டுகிற வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளில் விழா என்றால் பெரியவர்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஆசீர்வாதம் வாங்கி, படம் எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அங்கே விழாவே அவர்களுக்காகத்தான் நடக்கிறது. முடிந்தவர் வெங்காயம் உரிப்பார், முடியாதவர் நன்றாக உரிக்கவில்லை என்று திட்டுவார். எந்த மதத்தவரையும் ஏற்பதால் நம் பக்கத்து இல்லங்களில் பொங்கலும் தீபாவளியும் கூடவே வந்துவிடுகின்றன.

சரி, இதெல்லாம் வருடத்தில் சில நாள். மற்ற நாள்கள்தான் முக்கியம், அதை மறைக்க மாட்டேன். விடியுமுன் எழுந்து செபம், திருப்பலி, அப்புறம் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மருந்து கொடுப்பது, துணி துவைப்பது, படுக்கையில் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. மறதி நோய் வந்த பாட்டி ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்பார், ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்ட மாதிரி பதில் சொல்ல வேண்டும். மாலையில் சிஸ்டர்கள் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பேசிச் சிரிக்க ஒரு நேரம் உண்டு. அதை வெட்டிப் பேச்சு என்று நினைக்காதீர்கள், அந்த நேரம் இல்லையென்றால் மற்ற வேலை ஓடாது. யாராவது சாகக் கிடந்தால் இரவும் பகலும் முறை வைத்து ஒருவர் பக்கத்தில் இருப்பார். தனியாகச் சாக விடுவதில்லை என்பது இந்தச் சபையில் விட்டுக்கொடுக்காத விஷயம். ‘மாதம் ஒரு சாவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் ஆஸ்பத்திரி நர்ஸ். சாவை அவள் பார்க்காமல் இல்லை. ஆஸ்பத்திரியில் பத்துப் படுக்கைக்கு நடுவே ஓடிக்கொண்டு, கையைப் பிடித்து உட்கார நேரமில்லாமல் பார்த்திருப்பாள். அதுதான் அவளை இந்தப் பக்கம் தள்ளியதா என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

ழான் ஜுகான் யார் என்று உங்களுக்கு அவள் சொல்லியிருக்கிறாளா தெரியவில்லை. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் கங்கால் என்ற கடற்கரை ஊர். 1792இல் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அப்போது குழந்தைக்கு நாலு வயதுகூட ஆகவில்லை. அம்மா கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். உங்கள் கரையில் இந்தக் கதையை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெண் கேட்டு வந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டு வேலையும் ஆஸ்பத்திரி வேலையும் பார்த்தே வயது 47 ஆகிவிட்டது. 1839 குளிர்காலத்தில், கண் தெரியாமல், பாதி உடம்பு செயல்படாமல் கிடந்த அன் ஷோவேன் என்ற பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தன் கட்டிலில் படுக்க வைத்தார். அந்த வாடகை வீட்டில் அவரோடு இருந்தவர்கள் ஒரு வயதான தோழியும் ஓர் இளம்பெண்ணும். சபை அப்படித்தான் ஆரம்பித்தது. தெருவில் பிச்சை எடுத்துப் பிழைத்த பாட்டிகள் வந்து சேர்ந்தபோது, ‘நீங்கள் இருங்கள், உங்களுக்காக நான் போகிறேன்’ என்று கூடையை எடுத்துக்கொண்டு அவரே போனார். இன்றும் இந்தச் சிஸ்டர்கள் சந்தைக்கும் கடைகளுக்கும் போய்க் கையேந்தித்தான் இல்லத்தை நடத்துகிறார்கள். நிலையான வருமானம் எதையும் ஏற்பதில்லை என்று 1865இல் எடுத்த முடிவு அது. 1879இல் அவர் இறந்தபோது சுமார் 2,400 சிஸ்டர்கள், 177 இல்லங்கள். அடுத்த மூன்றே வருடத்தில், 1882இல் கொல்கத்தாவுக்கு வந்துவிட்டார்கள். சென்னையில் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையிலும், கொழும்பில் மருதானையிலும் இவர்களுடைய இல்லங்கள் உண்டு.

இந்தப் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் ஆள் சேர்க்க வந்தவளாகிவிடுவேன். அதே ழான் ஜுகானை, மற்ற சிஸ்டர்கள் தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது, சபையை மேற்பார்த்த குருவானவர் லெ பையேர் பதவியிலிருந்து இறக்கினார். சபையைத் தொடங்கியவர் தானே என்று அந்தக் குரு சொல்லிக்கொண்டார். கடைசி 27 வருடங்கள் ழான் ஜுகான் ஒதுக்கி வைக்கப்பட்டு, சேர வந்த இளம்பெண்களோடு வாழ்ந்தார். தங்கள் நடுவே வேலை செய்யும் இந்தக் கிழவிதான் சபையைத் தொடங்கியவர் என்று அவர்களுக்குத் தெரியாது. 1890இல்தான் ரோமாபுரி விசாரித்து அந்தக் குருவை நீக்கியது. 2009இல் ழான் ஜுகானைப் புனிதராக அறிவித்தார்கள். கூட்டு வாழ்க்கையில் இந்தக் காயங்களும் உண்டு. பிடிக்காத மதர் தலைவியாக வருவார், பிடித்த ஊரிலிருந்து மாற்றல் வரும். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றோடு விருந்தோம்பல் என்று நான்காவதாக ஒரு வார்த்தைப்பாடும் (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) இவர்களுக்கு உண்டு. இந்த நான்கில் மிகவும் கஷ்டமானது கீழ்ப்படிதல்தான் என்பது என் அபிப்பிராயம். உங்கள் மகள் வீட்டில் சொல்பேச்சு கேட்கிற ரகமா, எதிர்த்துப் பேசுகிற ரகமா? எதிர்த்துப் பேசுகிறவள் என்றால் பயப்பட வேண்டாம், அவள்தான் யோசித்து முடிவெடுத்திருப்பாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் என்றால் இதற்கும் யாருக்கோ தலையாட்டுகிறாளா என்று பாருங்கள். கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கவோ, மனசு உடைந்தோ போகிறாளா என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடிக்க முடியும். நல்ல சபை எதுவும் அப்படி வருகிறவரை உடனே சேர்த்துக்கொள்ளாது.

அவசரமும் வேண்டாம். நாளைக்குப் போனால் நாளன்றைக்குக் கதவை அடைத்துவிட மாட்டார்கள். திருச்சபைச் சட்டப்படி நவதுறவு என்கிற ஆரம்பப் பயிற்சி குறைந்தது 12 மாதம் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் அவள் எந்த நாளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அதன்பின் எடுப்பது தற்காலிக வார்த்தைப்பாடு, அதுவும் குறைந்தது மூன்று வருடம். அது முடியும்போது புதுப்பிக்காமல் விலகலாம். எல்லாம் தாண்டித்தான் நித்திய வார்த்தைப்பாடு. ‘மடத்திலிருந்து திரும்பி வந்தவள்’ என்று ஊர் பேசுமே என்ற பயத்தில் சில பெண்கள் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ‘பிடிக்கலைன்னா வந்துரு, சோறு இருக்கு’ என்று வழியனுப்பும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் இந்தச் சபையில் பிரான்சிலுள்ள தலைமை இல்லத்துக்குப் போய்த் தயாராகும் வழக்கம் உண்டு. அங்கேதான் ழான் ஜுகானின் கல்லறையும் இருக்கிறது. அந்தப் பெரிய நாளில் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் போகலாம். பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார நினைக்கிற அம்மாவுக்கு இது சின்ன இழப்பு இல்லை, முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

இனி உங்கள் கடைசி வரி.

மகளைப் பெற்றது வயசு காலத்துக்குத் துணை என்றுதானே என்று நீங்கள் நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவளைக் கட்டிக்கொடுத்திருந்தால்? மாமியார் மாமனார், புருஷன் வேலை பார்க்கும் ஊர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாம் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில்தான் உங்களிடம் வந்திருப்பாள். குவைத்தில் இருக்கும் மகனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவனுக்கு ஒரு வரி, மகளுக்கு ஒரு பக்கம். பெற்றவர்களைப் பார்க்கும் பொறுப்பை அவனோடும் உங்கள் கணவரோடும் உட்கார்ந்து இப்போதே பேசுங்கள். மகள் மடத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் பேச வேண்டிய பேச்சு இது.

சிஸ்டரான பெண்ணுக்கு அம்மா அப்பா இல்லாமல் போய்விடுவதில்லை. வீட்டுக்கு வர விடுமுறை உண்டு. பெற்றோர் கடுமையாகப் படுத்துவிட்டால், தகுந்த காரணத்துக்காக மடத்துக்கு வெளியே ஒரு வருடம் வரை தங்க அனுமதி கொடுக்கும் அதிகாரம் மேல்மட்டத் தலைவிக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அனுமதி கிடைத்தே தீரும் என்று இல்லை, கேட்க வழி இருக்கிறது. சேர்வதற்கு முன் சபையிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து உங்களோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். விடுமுறை எத்தனை நாள், போனில் எப்போது பேசலாம், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, எனக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று மூஞ்சிக்கு நேரே கேளுங்கள். மழுப்பினால் மகளிடம் அதைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்து அழுகிற அம்மாக்கள்தான் அதிகம்.

30 பவுன் விஷயம். அதைக் கொண்டுபோய் மடத்தில் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவள் பெயரில் சொத்து எதுவும் இருந்தால், முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அதன் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கவும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் உயில் எழுதவும் அவளுக்குச் சொல்வார்கள். நகை உங்களுடையது. லாக்கரில் வையுங்கள், உங்கள் இருவருடைய வைத்தியச் செலவுக்கு அது இருக்கட்டும். ‘கல்யாணத்துக்குச் சேர்த்தது’ என்று மட்டும் அவள் காதுபட அடிக்கடி சொல்லாதீர்கள்.

ஒரு வேலை மட்டும் உடனே செய்யலாம். ஒரு தடவை மகளோடு அப்படி ஓர் இல்லத்துக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்து பாருங்கள். முன்கூட்டியே போன் பண்ணி அனுமதி கேளுங்கள். திருவிழா நாளில் வேண்டாம், சாதாரண செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை மாதிரி ஒரு நாளில். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள், சிஸ்டர் உங்கள் கையிலும் ஒரு கரண்டியைக் கொடுத்துப் பரிமாறச் சொன்னாலும் சொல்வார். சாப்பிட்டு முடித்த பாட்டிகளிடம், சிஸ்டர்கள் பக்கத்தில் இல்லாதபோது, இங்கே எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். பாட்டிகள் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.